கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க டாக் வேண்டுமா? வாங்கும் முன் நடக்கும் தவறுகள்

ஒரு நாள் ராத்திரி பாட்டு எதுவும் ஓடாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மவுஸை நகர்த்தினால் காதுக்குள் ‘கிர்ர்’ என்றது, கையை எடுத்தால் நின்றது. திரையில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் அதற்கேற்ப அந்தச் சத்தமும் ஏறி இறங்கியது. கம்ப்யூட்டரின் ஆடியோவே மட்டம் என்று முடிவுகட்டி, மறுநாளே வெளியில் மாட்டும் டாக் (DAC, பாட்டு ஃபைலை ஹெட்போனுக்கான மின் அலையாக மாற்றும் கருவி) ஒன்றை ஆர்டர் செய்துவிட்டேன். அது வந்து சேர்வதற்குள் ஒருநாள் தற்செயலாக, கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து ஹெட்போனை உருவிப் பின்பக்க ஜாக்கில் செருகினேன். சத்தம் போயே போச்சு.

முன்பக்க ஜாக்குக்கு மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய வயர் கேபினெட்டுக்குள் நெடுக ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு, மின்விசிறிகள் எல்லாவற்றையும் கடந்து வருவதால் வழியில் இருக்கும் மின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பின்பக்க ஜாக் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டாக்கின் விலை ஆனது.

பலருக்கு அடிப்படையிலேயே ஒரு குழப்பம் உண்டு: கம்ப்யூட்டரில் டாக் இல்லை, அதனால்தான் வெளியே வாங்குகிறோம் என்று நினைப்பார்கள். பாட்டு ஃபைலில் இருப்பது வெறும் எண்கள். சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் எழுதிய எண்கள். அவற்றை மின் அலையாக மாற்றித் தருவதுதான் டாக்கின் வேலை. ஹெட்போன் ஜாக் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. புளூடூத் ஹெட்போனுக்குள்ளும் யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளும் தனியாக ஒன்று இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியாக டிவியில் கேட்டால் மாற்றும் வேலையை டிவி பார்த்துக்கொள்கிறது. புளூடூத் ஹெட்போனில் மட்டும் கேட்பவர் கம்ப்யூட்டரில் டாக் வாங்கி மாட்டினால், பாட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அடுத்தது, நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்குவது. லேப்டாப்பைப் பவர் ஸ்பீக்கரோடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம் கேட்கிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப். லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டுமே சுவர் பிளக்கில் இருக்கும்போது, எர்த் ஒயரும் ஆடியோ கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுற்றிவரும். இதற்கு யூஎஸ்பி டாக் வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். யூஎஸ்பி கேபிளிலும் கிரவுண்ட் ஒயர் இருப்பதால் வளையம் அப்படியேதான் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் ஆப்டிகல் அவுட் இருந்தால் கதை வேறு. அந்தக் கேபிளில் போவது வெளிச்சம், மின்சாரம் கடக்க வழியே இல்லை. ஆப்டிகல் அவுட் இல்லாதவர்கள், ஆடியோ கேபிளுக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரை முதலில் முயன்று பார்க்கலாம். லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகினாலே அடங்கிவிடுவதும் உண்டு. ஒன்று மட்டும், எர்த் பின்னை உடைப்பது, மறைப்பது போன்ற வேலை வேண்டாம். அது உயிருக்கே ஆபத்து.

டாக்கையும், மின் அலையின் பலத்தைக் கூட்டும் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. “வால்யூமை முழுக்க வைத்தாலும் சத்தம் பத்தவில்லை” என்பவருக்குத் தேவை ஆம்ப். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை லேப்டாப் ஜாக்கில் செருகினால் பல சமயம் பாட்டு சோர்ந்துதான் கேட்கும், ஏனென்றால் அதற்கு வேண்டிய வோல்டேஜ் அந்த ஜாக்கில் வருவதில்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான கருவிகளில் டாக்கும் ஆம்பும் சேர்ந்தே இருப்பதால், பலன் கிடைத்ததும் பெருமை டாக்குக்குப் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 16 ஓம் இயர்போனை, அவுட்புட் இம்பீடன்ஸ் (ஜாக்குக்குள் இருக்கும் மின்தடை, இதுவும் ஓமில்தான்) அதிகமுள்ள ஒரு ஜாக்கில் மாட்டினால் சத்தம் தாராளமாக வரும், ஆனால் பாட்டின் நிறமே மாறிவிடும். குறிப்பாக, பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை இயர்போன்களின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். அதனால் சில இடங்கள் தூக்கலாகவும் சில இடங்கள் அமுங்கியும் கேட்கும். ஜாக்கின் இம்பீடன்ஸ், ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பழகிய கணக்கு. 16 ஓமுக்கு 2 ஓம்.

அப்புறம், பெட்டியில் அச்சிட்ட எண்கள். 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் 16 பிட்டுக்கு 96 டெசிபெல், 24 பிட்டுக்கு 144. உண்மையான சர்க்யூட் எதுவும் இந்த 144-ஐ எட்டுவதில்லை. அப்படியிருக்க 32 பிட் என்பது ஃபைல் எந்த வடிவில் உள்ளே போகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடி தரமே, அதன் 44.1 கிலோஹெர்ட்ஸில் பாதியான 22 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தர ஒலிப்பதிவை நேராக ஒருமுறையும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒருமுறையும் கேட்கவைத்தார்கள். எது எது என்று கேட்டவர்கள் 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வந்திருக்கும். உள்ளே எந்த சிப் என்று பெயர் பார்த்து வாங்குவதும் இதே ரகம். நல்ல சிப்பை மோசமான சர்க்யூட்டில் வைத்துக் கெடுக்க முடியும்.

“நானே கேட்டேன், வித்தியாசம் தெரிந்தது” என்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் இரண்டில் எது கொஞ்சம் சத்தமாக ஓடுகிறதோ அதுதான் தெளிவாகவும் ஆழமாகவும் இருப்பதுபோல் நம் காதுக்குப் படும். புது டாக் பெரும்பாலும் பழைய ஜாக்கைவிடச் சத்தமாகத்தான் ஓடும். ஒப்பிட வேண்டுமென்றால், ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டின் வோல்டேஜையும் சமமாக்குங்கள். சாதாரண மல்டிமீட்டர் இந்த எல்லையில்தான் சரியாகக் காட்டும், 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். பிறகு, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லுங்கள். பத்தில் ஐந்தாறு சரியாக வந்தால் அது ஊகம்தான்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறு சின்னதுதான், ஆனால் நிறையப் பேர் செய்வது. விண்டோஸில் டாக்கை டீஃபால்ட் கருவியாகத் தேர்ந்தெடுக்காமல், பழைய ஜாக் வழியாகவே கேட்டுக்கொண்டு “சூப்பர்” என்பார்கள். அதே செட்டிங்ஸில், பாட்டின் ஒலியைக் கம்ப்யூட்டரே மாற்றிவிடும் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் பாட்டைக் கெடுப்பது அதுதான், டாக் வாங்காமலே சரியாகிவிடும்.

சரி, யாருக்குத்தான் இது வேண்டும்? லேப்டாப்பின் ஜாக் உடைந்துவிட்டது, அல்லது ஜாக்கே இல்லை என்பவருக்கு வேண்டும். ஆனால் அதற்குப் பெரிய பெட்டி தேவையில்லை. ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் போன்ற விரல் நீள வயருக்குள்ளேயே ஒரு நல்ல டாக் இருக்கிறது. பார்க்க அதேபோல் இருக்கும் சில அடாப்டர்களில் உள்ளே டாக் கிடையாது, வெறும் வயர்தான். அவை பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் வேலையே செய்யாது, கேட்டு வாங்குங்கள். பின்பக்க ஜாக்கிலும் இரைச்சல் விடவில்லை என்பவருக்கும், அதிக வோல்டேஜ் கேட்கும் ஹெட்போன் வைத்திருப்பவருக்கும் செலவு நியாயம். பாடிப் பதிவு செய்ய நினைப்பவர், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிவிடலாம், அதிலேயே டாக்கும் இருக்கும். மற்றபடி கையில் பணம் இருந்தால் நல்ல ஹெட்போனோ ஸ்பீக்கரோ வாங்குங்கள் என்பேன். அங்கே தெரியும் வித்தியாசத்துக்கு மல்டிமீட்டர் சோதனையெல்லாம் தேவைப்படாது.

நான் அவசரப்பட்டு வாங்கிய டாக் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. முன்பக்கம் பெரிய வால்யூம் குமிழ், போன் அடித்தால் திரையைப் பார்க்காமலே திருகிக் குறைத்துவிடலாம். அதற்காகவே வைத்திருக்கிறேன்.