தரங்கம்பாடிக் கரையில் எண்ணெய் வண்ணம்

கடற்கரையில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணம் தீட்டப் பழக நினைப்பவர்களை நான் முதலில் தரங்கம்பாடிக்குத்தான் போகச் சொல்வேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அலைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில், எதிரே திறந்த கடல். வரைய வேண்டியதெல்லாம் கொஞ்ச தூரத்துக்குள் இருக்கிறது.

கிழக்குக் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். படகுகள் வெறும் கருநிழலாகத் தெரியும். தண்ணீர் கண்ணைப் பறிக்கும். ஆனால் அப்போது திரும்பிப் பார்த்தால் கோட்டையின் கடல்பக்கச் சுவர் முழுக்க வெளிச்சம். அதனால் புதியவர்கள் காலையில் கோட்டையையும், மாலை 4 மணிக்கு மேல் கடலையும் வரையலாம். மாலையில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், படகின் நிறங்கள் தெளிவாகக் கிடைக்கும்.

8-க்கு 10 அங்குலப் பலகை போதும். பெரிய கேன்வாஸைக் காற்று தள்ளிவிடும். பலகையைத் தாங்கும் ஸ்டாண்டான ஈசலின் (easel) கால்களுக்கு நடுவே துணிப்பை கட்டி மணலை நிரப்புங்கள். வீட்டிலேயே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துப் பலகையில் மெல்லிசாகப் பூசிக் காயவைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகை வெளியே கண்ணைக் கூசவைக்கும். பலகையும், வண்ணம் கலக்கும் பேலட்டும் நிழலில் இருக்கட்டும். பலகை மேல் நேர்வெயில் பட வரைந்த படம், வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இருண்டு போயிருக்கும்.

வண்ணங்கள் இவை போதும்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் (நீலம்), விரிடியன் (பச்சை), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா, அலிசரின் (சிவப்பு). கருப்பு வேண்டாம். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா சேர்ந்தாலே ஆழமான இருட்டு வரும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. முதல் 20 நிமிடத்தில் வானம், கடல், மணல் மூன்றில் எது அதிக வெளிச்சம், எது அதிக இருட்டு என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பெரிய பிரஷ்ஷால் மூன்றையும் நிரப்பிவிடுங்கள். நிழல் விழும் பக்கத்தையும் அப்போதே குறித்துவிடுங்கள். அப்புறம் வெயில் எப்படி மாறினாலும் அதைத் துரத்தக் கூடாது. துரத்தினால் ஒரே படத்தில் இரண்டு வேளை வந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

தொடுவானம் எப்போதும் உங்கள் கண் மட்டத்தில்தான் இருக்கும். உட்கார்ந்தால் அதுவும் இறங்கும். ஆகவே பாதியில் எழுந்து நின்று வரையாதீர்கள். கடலை ஒரே நீலமாகப் பூச வேண்டாம். எழும் அலையின் முகம் இருண்டிருக்கும். உச்சியில் தண்ணீர் மெல்லிசாகும் இடத்தில் பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவினால் பச்சை தெரியும். அங்கே விரிடியனும் துளி ஓக்கரும். நுரையும் முழுக்க வெள்ளையில்லை, நிழலில் அது நீலச்சாம்பல். சுத்த வெள்ளையைக் கடைசிவரை வைத்திருந்து, வெயில் படும் நுரையில் மட்டும் தொடுங்கள். ஈர மணல் உலர்ந்த மணலைவிட இருட்டு. ஆனால் தண்ணீர் இறங்கிய அந்த நொடியில் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஓடும் அலையைப் பிடிக்க முயலாமல், ஒரே இடத்தில் அடுத்தடுத்து உடையும் அலைகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வடிவம் மனதில் படிந்த பிறகு பிரஷ்ஷை எடுங்கள்.

ஈர வண்ணத்தில் மணல் ஒட்டினால் தேய்க்காதீர்கள், காய்ந்ததும் உதிர்த்துவிடலாம். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870-இல் பிரான்சின் துரூவில் (Trouville) கடற்கரையில் வரைந்த படத்தில் அந்த மணல் துகள்கள் இன்னும் இருக்கின்றன. லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் பையில் போட்டு வைக்காதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள்.