பழைய பல்பில் கைவினை: ஆபத்தில்லாமல் திறப்பது எப்படி?

எரிந்துபோன பல்புக்குள் சிறு செடி வளர்க்க ஆசைப்படுகிறீர்களா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் இடுக்கியைத் தேடும் முன் பல்பைப் பாருங்கள். பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தத் தேர்விலேயே முடிந்துவிடுகிறது.

படி 1: எந்த பல்பு?

திறப்பதற்கு ஏற்றது ஒரே வகைதான். தெளிவான கண்ணாடிக்குள் மெல்லிய டங்ஸ்டன் இழை தெரிகிற பழைய குண்டு பல்பு. அதில் பொதுவாக ஆர்கான், நைட்ரஜன் வாயுக்கள் இருக்கும். இவற்றால் கெடுதல் இல்லை. சிறிய வாட் பல்புகள் சிலவற்றில் வாயுவே இல்லாமல் வெற்றிடம் மட்டும் இருக்கும். அவை உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கித் தெறிக்கும் என்பதால், முதல்முறை செய்பவர்கள் 60 வாட் அல்லது 100 வாட் பல்பை எடுப்பது நல்லது.

சி.எஃப்.எல்., டியூப் லைட் இரண்டையும் உடைக்கவோ திறக்கவோ கூடாது. அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. ஒரு சி.எஃப்.எல்.-இல் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனாலும் அது மூடிய அறையில் ஆவியாகி நம் மூச்சில் கலக்கும். சில சி.எஃப்.எல்.களின் சுருள்மீது உருண்டையான வெள்ளை மூடி இருப்பதால், வெளியிலிருந்து பார்க்கக் குண்டு பல்பு போலவே தோன்றும். எனவே உள்ளே இருப்பது தெரியாத வெள்ளை பல்பு எதையும் திறக்காதீர்கள்.

ஆலசன் பல்புக்குள் வாயு அதிக அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். கீறல் விழுந்தால் வெடித்துச் சிதறலாம். வாகன முகப்பு விளக்கு, தெருவிளக்கு பல்புகளும் வேண்டாம். இழை போன்ற மஞ்சள் குச்சிகள் கொண்ட எல்.இ.டி. பல்பும் ஏமாற்றக்கூடியது, அதன் அடிப்பகுதிக்குள் மின்சுற்று இருக்கிறது.

படி 2: திறக்கத்தான் வேண்டுமா?

தொங்கும் அலங்காரத்துக்குக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வண்ணம் தீட்டினாலே போதும். குழந்தைகளோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திறக்கும் வேலை பெரியவர்களுக்கு மட்டுமே உரியது.

படி 3: முன்னேற்பாடு

பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, முகக்கவசம், மூடிய காலணி நான்கும் வேண்டும். பார்வைக்கு அணியும் மூக்குக் கண்ணாடி இதற்குப் போதாது. அட்டைப் பெட்டிக்குள் தடித்த துண்டை விரித்து, அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். சில்லுகள் தெறித்தாலும் பெட்டியைத் தாண்டாது.

படி 4: திறப்பது

ஹோல்டரிலிருந்து கழற்றி நன்றாக ஆறிய பல்பைத் துண்டில் சுற்றி, உலோக அடிப்பகுதியை மட்டும் இறுகப் பிடியுங்கள். கண்ணாடி உருண்டையை அழுத்தக் கூடாது. அது மிக மெல்லியது. அடியில் உள்ள பற்றாசுப் புள்ளியை (சால்டர் வைத்த உலோகப் பொட்டு) கூர்முனை இடுக்கியால் பற்றித் திருகி இழுங்கள். பழைய பல்புகளின் பற்றாசில் ஈயம் இருக்கலாம் என்பதால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

அடுத்து, அதைச் சுற்றியுள்ள கறுப்புக் கண்ணாடியைத் திருப்புளி முனையால் சிறிது சிறிதாக உடைத்து எடுங்கள். சில்லுகள் கூர்மையாகத் தெறிப்பது இங்கேதான், அவசரம் கூடாது. பிறகு, உள்ளே இழையைத் தாங்கும் கண்ணாடித் தண்டை மெதுவாக அசைத்து உடைத்தால் காற்று புகும் சிறு ஓசை கேட்கலாம். பல்பைக் கவிழ்த்து, உடைந்தவற்றை இடுக்கியால் வெளியே எடுங்கள்.

படி 5: விளிம்பைத் தேய்த்தல்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். தண்டு இருந்த இடத்தில் கழுத்தின் உட்புறம் கத்தி போல் கூராக இருக்கும். நீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி, ஈரமாகவே தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சில் போகும். தேய்த்த பிறகும் விரலை உள்ளே விடாதீர்கள். கடைசியாகச் சோப்பு நீர் ஊற்றி அலசிக் காய வையுங்கள்.

படி 6: பயன்படுத்துவது

நீரில் வேர்விடும் செடிக் கிளை, காய்ந்த பூ, வண்ண மணல் இவற்றுக்கு இது அழகான குடுவை. உணவோ குடிநீரோ வைக்கக் கூடாது. எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றும் விளக்காக மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். மெல்லிய கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டால், எரியும் எண்ணெய் மேசையெங்கும் பரவும். தொங்கவிடும்போது பசையை நம்பாமல் உலோகக் கழுத்தில் கம்பியைச் சுற்றுங்கள். ஆட்கள் நடமாடும் இடத்துக்கு நேர்மேலே மாட்டாதீர்கள்.

தவறி உடைந்தால்

குண்டு பல்பின் பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுத்து, நுண்சில்லுகளை ஈரக் காகிதத்தால் ஒற்றி, எல்லாவற்றையும் தடித்த தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். உடைந்தது சி.எஃப்.எல். என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் பத்து நிமிடம் வெளியேறுங்கள். திரும்பி வந்து கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத் தூளை ஒட்டும் நாடாவால் ஒற்றி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் பாதரசத்தைப் பரப்பிவிடும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள். அந்தப் புட்டியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.