கெட்டிலுக்கு ஊட்டி தெரியாது

எத்தனை டிகிரி வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய மின்கெட்டில் ஒன்றை இணையத்தில் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கினேன். கிரீன் டீக்கு 80, காபிக்கு 90, கொதிக்க 100 என்று தனித்தனிப் பொத்தான்கள். வந்த அன்றே 100ஐ அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சமையலறை முழுக்க ஆவி. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. கெட்டில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கிறது, திரையில் 93. "என்ன தம்பி, வீட்டுக்குள்ளேயும் மிஸ்ட் இறங்கிடுச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். பழுதான பொருள் என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைக்கூட ஒட்டிவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். இங்கே 92, 93லேயே கொதித்துவிடும், அதற்கு மேல் என்ன செய்தாலும் ஏறாது. அந்தக் கெட்டிலோ வராத 100க்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. சாதாரணக் கெட்டிலில் இந்த வம்பு இல்லை. கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு சின்ன வழியாகப் போய் இரட்டை உலோகத் தகட்டைச் சூடாக்கும், தகடு வளையும், சுவிட்ச் விழும். எத்தனை டிகிரியில் ஆவி வந்தது என்று அது கேட்பதில்லை. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியதுதான் இங்கே விவரம் கெட்டதாக இருந்தது. இப்போது 90ல் வைத்துக்கொள்கிறேன், ஒழுங்காக நிற்கிறது.

இணையத்தில் கண்ணில் படும் கருவிகளை மலையில் இருந்துகொண்டு வாங்கும்போது செய்யும் முதல் தவறு இதுதான்: பெட்டியில் போட்டிருக்கும் எண் எந்த ஊரில் அளந்தது என்று கேட்காமல் விடுவது. இதன் தம்பி தங்கைகள் நிறைய உண்டு. சமையல் வெப்பமானி வாங்கியவர்கள் அதைக் கொதிக்கிற நீரில் விட்டுப் பார்த்து, 100 காட்டவில்லை என்று நல்ல பொருளைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஊட்டியில் 93, கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதே, குன்னூரில் 94 காட்டினால் அது சரியான வெப்பமானி. சோதிக்க வேண்டுமென்றால் உடைத்த ஐஸ் நிறையப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வையுங்கள். பனிக்கட்டி உருகும் வெப்பம் மதுரையிலும் ஊட்டியிலும் பூஜ்யம்தான்.

மின்சார ரைஸ் குக்கரில் நடப்பது இன்னும் வேடிக்கை. அதன் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. சுமார் 103 டிகிரி வந்ததும் அது காந்தத்தன்மையை இழந்து சுவிட்சை விடுவிக்கும். பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை கொதிநிலையைத் தாண்டிச் சூடு ஏறாது, நீர் வற்றியதும் சட்டென்று ஏறும், அப்போது அணையும். ஆகவே மலையிலும் அது சரியாகவே அணைகிறது. ஆனால் அரிசி அத்தனை நேரமும் 93லேயே வெந்திருக்கும், நடுவில் கொறுகொறுப்பு மிச்சம். குக்கரைத் திட்டாமல், அரிசியை அரை மணி நேரம் கூடுதலாக ஊறவைத்து, தண்ணீரையும் சற்றுக் கூட்டினால் போதும். பிரஷர் குக்கர் இதைவிடப் பரவாயில்லை என்றாலும் அதுவும் முழுக்கத் தப்பவில்லை. குக்கர் மூடியின் மேல் வைக்கும் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் அழுத்தம் சேர்க்கும். சமவெளியில் உள்ளே 120 டிகிரி என்றால் இங்கே 116 அளவில்தான் நிற்கும். வீடியோவில் சொல்கிற மூன்று விசில் அவர்கள் ஊர்க் கணக்கு. நம் ஊருக்கு ஒன்றிரண்டு கூட்டித்தான் ஆக வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இது எப்போதோ தெரியும், நமக்குத்தான் பெட்டி உடைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

உயரம் காட்டும் கைக்கடிகாரம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கடிகாரங்கள் காற்றழுத்தத்தை அளந்துதான் உயரத்தைக் கணிக்கின்றன. நம் உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் பத்து மீட்டர் ஏறிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். மழை மேகம் திரண்டு அழுத்தம் மூன்று நான்கு இறங்கினால், படுக்கையில் கிடந்தபடியே நாற்பது மீட்டர் மலையேறியிருப்பீர்கள். மலை ரயில் நிலையங்களின் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அங்கே போய் நின்று எண்ணைத் திருத்திக்கொள்வது நல்ல பழக்கம், நடைக்கு நடையும் ஆயிற்று. அதேபோல, வானிலைச் செயலி காற்றழுத்தம் 1,013 என்கிறது, போனின் சென்சார் 775 என்கிறது, போன் கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. செயலி கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்கிறது, போன் நீங்கள் நிற்கிற இடத்தைச் சொல்கிறது.

சரி, ஈரத்துக்கு வருவோம். மலையில் கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். ஆடி மாதத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூசணம் பூக்கிற ஊரில், கேமரா லென்ஸ் எம்மாத்திரம். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது, பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்திருந்தால் அதுவும் பயன்படாது.

இதற்கு எல்லோரும் முதலில் வாங்குவது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஈரம் உறிஞ்சும் பெட்டி. நாளுக்கு 250 மில்லி எடுக்கும் என்று எழுதியிருக்கும். அந்த எண், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் அளந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே 80 சதவீதம், ஆனால் 15 டிகிரி என்றால் பத்து கிராம்தான். உறிஞ்ச இருப்பதே பாதிக்கும் கீழே. போதாததற்கு, உள்ளே குளிர்ந்த தகட்டில் நீரை வடியவிடுவதுதான் அதன் வேலை. அறையே குளிர்ந்து கிடந்தால் தகட்டில் பனி கட்டிக்கொண்டு வேலை படுத்துவிடும். கம்ப்ரசர் வைத்த பெரிய கருவிகளுக்கும் குளிர் அறையில் இதே தொல்லை உண்டு. குளிர்ந்த வீட்டுக்கு, ஈரம் உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் சுழலும் வகைதான் ஏற்றது. மின்சாரம் கூடுதலாகத் தின்னும், ஆனால் வேலை செய்யும்.

கேமராவுக்கு மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப்புகாத டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி. 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தினால் மறுபடி உயிர் வரும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு மணிகளை வாங்குங்கள். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024ல் எழுதி வைத்துவிட்டது. காலையில் வெளியே விறைத்துப்போன கேமராவை நேராக அடுப்பு எரிகிற அறைக்குக் கொண்டுபோவதும் தவறு, உள்ளும் புறமும் வியர்த்துவிடும். வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக மூடி, உள்ளே கொண்டுவந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். மார்கழி, தை உறைபனியில் தலைகுந்தா பக்கம் இரவு முழுக்கக் காரில் கிடந்த போனையும் பவர் பேங்கையும் எடுத்தவுடன் சார்ஜில் போட வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

பவர் பேங்க் என்றதும் எண் விளையாட்டு நினைவுக்கு வருகிறது. 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது 7,400, மாற்றும் இழப்பும் போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் போனுக்கு. இது மோசடி இல்லை, வழக்கம். மோசடி என்பது 50,000 எம்ஏஎச் என்று சட்டைப்பைக்குள் அடங்குவதை விற்பது. அதைக் கண்டுபிடிக்கச் சமையலறைத் தராசு போதும். 18650 என்கிற உருளை செல் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது, அதிகபட்சம் 3,500 எம்ஏஎச் அளவுக்குத் தரும். 50,000க்குப் பதினைந்து செல்லாவது வேண்டும், செல் எடையே 650 கிராமைத் தாண்டும். கையில் இருப்பது 250 கிராம் என்றால் விடை கிடைத்துவிட்டது. மூடியில் சூரியத் தகடு ஒட்டியிருப்பதை நம்பி மலைநடைக்குப் போகாதீர்கள். அந்தச் சின்னத் தகடு நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட் தரும். 10,000 எம்ஏஎச் நிரம்பவே சுள்ளென்ற வெயில் இருபத்தைந்து மணி நேரம் வேண்டும். அவ்வளவு வெயிலைக் கொடைக்கானலில் எங்கே போய்த் தேடுவது.

சில நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் பென் டிரைவும் இதே கதை. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும், கட்டுப்படுத்தும் சில்லு மட்டும் 2 டெராபைட் என்று பொய் சொல்லப் பழக்கப்பட்டிருக்கும். முதல் சில கல்யாண ஆல்பங்கள் நன்றாகத் திறக்கும், அதற்குப் பிறகு ஏற்றியதெல்லாம் வெறும் பெயர்தான். வாங்கியதும் எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துப் பாருங்கள். நீண்ட நேரம் ஓடும், ஓடட்டும்.

இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தித் தூங்கி, எழாமல் போனவர்கள் நம் மலைகளில் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் அதைத் தரும். இதற்கு எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் 'கேஸ் அலாரம்' என்று தேடினால் முதலில் வருவது சமையல் எரிவாயுக் கசிவைக் கண்டுபிடிப்பது. அதற்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது. ஒன்றை வாங்கி இரண்டுக்கும் ஆயிற்று என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் இந்தக் கட்டுரையிலேயே ஆபத்தான தவறு. மாட்டும் இடமும் வேறு: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும், ஆகவே அந்தக் கருவி தரையோரம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு கலந்து பரவும், அதற்கானது படுக்கையில் மூச்சு விடும் உயரத்தில் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு கருவியின் பெட்டியில் இஎன் 50291 என்ற தர எண் உள்ளதா என்று பாருங்கள். 'டெஸ்ட்' பொத்தான் பொதுவாக ஒலிப்பானையும் பேட்டரியையும்தான் சோதிக்கும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. சென்சாருக்கு ஆயுள் உண்டு, முடியும் ஆண்டு பின்பக்கம் அச்சிட்டிருக்கும். கருவி இருக்கிறதே என்று உள்ளே கரி மூட்டவும் கூடாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் முதலில் வெளியே வாருங்கள், அப்புறம் காரணம் தேடலாம்.

வரைபடச் செயலியை நம்பி மலைக்கு வருகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி கிட்டத்தில் என்று அது காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் இறக்கம், வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்க அனுமதி இல்லை. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், 2009லிருந்தே அப்படித்தான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது, செயலி அதைப் பற்றி வாயே திறக்காது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம்தான் வராது. மேட்டுப்பாளையத்திலேயே அதை இறக்கிக்கொள்ளுங்கள். டிரோன்காரர்களுக்கு: 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் உரிமம்தான் வேண்டாம். முதுமலைப் புலிகள் காப்பகமும், வெலிங்டன் ராணுவப் பகுதியும், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை.

கடைசியாக, விலங்குகளை விரட்டும் மீயொலிக் கருவி, அதாவது நம் காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண் ஒலியை எழுப்புவது. சுவரில் செருகினால் எலி ஓடும், தோட்டத்தில் நட்டால் பன்றி ஓடும் என்று விளம்பரம். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2001லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், ஆதாரம் இல்லாமல் இப்படிச் சொல்லக் கூடாது என்று கடிதம் எழுதியிருக்கிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் ஒலி காற்றில் வேகமாக வலுவிழக்கும், சுவரையோ சோபாவையோ தாண்டாது, திறந்த வெளியில் கொஞ்ச தூரத்திலேயே கரைந்துவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நானும் ஒன்று வாங்கி முட்டைக்கோஸ் பாத்தி ஓரத்தில் நட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை எழுந்து பார்த்தால், ஒரு காட்டுமாடு பாத்தியில் பாதியை முடித்துவிட்டு, அந்தக் கம்பத்தில் நிதானமாக முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது.