விளையாட்டுக் கூடத்துக்கு ஷட்டர்: காரைக்குடிப் பக்கத்துக்கு ஏற்ற தேர்வும் பராமரிப்பும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஷீட் கூரை போட்டு பேட்மிண்டன் கூடமோ ஜிம்மோ பாக்ஸ் கிரிக்கெட்டோ தொடங்குகிறவர்கள் தளத்துக்கும் விளக்குக்கும் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். ஷட்டர் என்று வந்ததும் பட்டறையில் போய், "கடைக்குப் போடுற மாதிரியே போட்டுருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள்.

கடை ஷட்டர் காலையில் ஏறும், ராத்திரி இறங்கும், நடுவில் சுருண்டு கிடக்கும். விளையாட்டுக் கூடத்தில் அது திறந்திருக்கும்போதுதான் பிரச்சினையே. காற்று உள்ளே வரும், வெளிச்சம் கண்ணில் அடிக்கும், பந்து போய் மோதும், பந்தைத் துரத்தி ஓடுகிற பையனும் போய் மோதுவான். அதனால் பூட்டு எத்தனை வலுவானது என்று கேட்பதற்கு முன்னால், ஆட்டம் நடக்கும்போது அந்தத் திறப்பு என்ன செய்யும் என்று பாருங்கள்.

படி 1: எந்தச் சுவரில் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைச் சுவர் எழும்புவதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னால் மாற்றுவது என்றால் இடிப்புச் செலவு.

பேட்மிண்டன் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். ஆடுகிறவர்கள் நீளவாக்கில் எதிரெதிரே பார்த்து நிற்கிறார்கள். களத்தின் இரண்டு கடைக்கோடிச் சுவர்களில் ஷட்டர் வைத்தால், அது திறந்திருக்கும்போது எதிரே நிற்பவர் கண்ணில் நேராக வெளிச்சம் அடிக்கும். வெள்ளை ஷட்டில் அந்த வெளிச்சத்தில் காணாமல் போகும். ஆகவே கடைக்கோடிச் சுவர்களை மூடியே விடுங்கள். திறப்பு வேண்டுமென்றால் நீளச் சுவரில்.

அடுத்தது காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஷட்டிலின் எடை விதிப்படி 4.74 முதல் 5.50 கிராம் வரைதான். மேற்குச் சுவரில் திறப்பு வைத்தால் ஆனி, ஆடி மாதங்களில் மாலை ஆட்டம் நடக்காது. செம்மண் புழுதியும் தளம் முழுக்கப் படியும். வடகிழக்குப் பருவமழையோ ஐப்பசி, கார்த்திகையில் வடக்கும் கிழக்குமாகச் சாரல் அடிக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்தால், கூடத்தைக் கிழக்கு மேற்கு நீளமாக அமைத்து, வடக்குச் சுவரில் ஷட்டர் வைத்து, அதன்மேல் மூன்று நான்கு அடி சன்ஷேடு இறக்குவதுதான் இந்தப் பக்கத்துக்குச் சரிவரும். வடக்கில் நேர் வெயில் குறைவு, சாரலை சன்ஷேடு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், காற்று அருமையாக ஊடுருவும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கூடத்திலும் எதிரெதிரே இரண்டு ஷட்டர் வைக்கத் தோன்றும். ஜிம்முக்கு வையுங்கள், நல்லது. ஷட்டில் ஆடும் இடத்தில் வேண்டாம்; வெப்பம் வெளியேற சுவரின் மேல்பகுதியில் லூவரும் (காற்று மட்டும் போக வர சாய்வாகப் பட்டைகள் வைத்த திறப்பு) எக்சாஸ்ட் ஃபேனும் போதும்.

படி 2: ஆள் போக வர தனிக் கதவு

ஷட்டர் சாமான் ஏற்ற, கூடத்தைப் பூட்ட. மனிதர் நடமாட்டத்துக்கும் அவசரத்தில் வெளியேறவும் தனியாகக் கதவு வேண்டும். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு (2016) வெளியேறும் வழிகளில் மேலே தூக்கும் கதவையும் நகர்த்தும் கதவையும் அனுமதிப்பதில்லை. கரண்ட் போய் இருட்டில் புகை சூழ்ந்தால் ஷட்டரை யார் தூக்குவது? வெளிப்பக்கமாகத் திறக்கும் சாதாரணக் கதவு ஒன்று கட்டாயம். ஷட்டருக்குள்ளேயே குனிந்து போகும் சின்னக் கதவு வெட்டித் தருகிறோம் என்பார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: அளவெடுத்துப் பரப்பைப் போடுங்கள்

அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. உயரத்தை இரண்டு ஓரத்திலும் அளங்கள். லிண்டலுக்கு (திறப்பின் தலைமேல் வரும் உத்தரம்) மேலே ஷட்டர் சுருள இடம் இருக்கிறதா பாருங்கள். பத்தடி உயர ஷட்டர் சுருண்டால் ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை அடி பிடிக்கும்.

பிறகு சதுர மீட்டர் கணக்கு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. 8 சதுர மீட்டர் வரை கையால் தூக்கி இறக்கும் ஷட்டர். 12 வரை அதிலேயே பால் பேரிங் வைத்தது. அதற்கு மேலே போனால் கியர். தகட்டின் தடிமன், அகலம் 3.5 மீட்டர் வரை 0.9 மி.மீ., அதைத் தாண்டினால் 1.2 மி.மீ.

உதாரணத்துக்கு சாமான் அறைக்கு 8 அடிக்கு 8 அடி: 64 சதுர அடி, அதாவது 6 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கையால் தூக்குவதே போதும், 0.9 மி.மீ. போதும். 12 அடி அகலம் 10 அடி உயரம் என்றால் 11.15 சதுர மீட்டர். பேரிங் வேண்டும், அகலம் 3.66 மீட்டர் ஆவதால் தகடும் 1.2 மி.மீ. ஆக வேண்டும். வேன் உள்ளே வந்து மேட் இறக்க வேண்டும் என்று 14 அடிக்கு 12 அடி கேட்கிறீர்களா? 15.6 சதுர மீட்டர். 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ என்பதால், மடிப்பு, கீழ்ப்பட்டை எல்லாம் சேர்ப்பதற்கு முன்பே 147 கிலோ ஆகிவிடுகிறது. அதைத் தினமும் கையால் தூக்க நினைக்காதீர்கள்.

பக்கவாட்டில் ஷட்டர் ஓடும் கைடு சேனலுக்கும் அளவு உண்டு. 3.5 மீட்டர் அகலம் வரை 65 மி.மீ. ஆழம், 8 மீட்டர் வரை 75 மி.மீ. பட்டறையில் இதில் மிச்சம் பிடிப்பார்கள். ஆழம் குறைந்த சேனலில் பெரிய ஷட்டர் ஓடினால், ஆடிக்காற்று ஒரு தள்ளு தள்ளும்போது பட்டைகள் சேனலை விட்டு வெளியே வந்து தொங்கும்.

படி 4: எந்த வகை, எந்தத் தகடு

மூடிய பட்டை ஷட்டர், கிரில் ஷட்டர், சின்னத் துளைகள் போட்ட ஷட்டர் என மூன்று வகை பெரும்பாலும் கிடைக்கும். ஜிம்முக்குக் கிரில் நல்லது. பூட்டியிருக்கும்போதும் வியர்வை வாடை வெளியேறும். ஷட்டில் கூடத்துக்கு மூடிய பட்டை. பாக்ஸ் கிரிக்கெட்டில் எதைப் போட்டாலும் பந்து பட்டுப் பட்டை நெளியும், நெளிந்த பட்டை சுருளாமல் மாட்டும். ஷட்டருக்கு இரண்டு அடி முன்னால் நைலான் வலை தொங்கவிடுவதுதான் வழி. அலுமினியம் எடை குறைவு, ஆனால் பந்து படும் இடத்துக்கு ஆகாது. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் மடிந்து போகும் வெளிநாட்டு வகைக் கதவையும் சிலர் கேட்கிறார்கள். அது களத்தின் மேல் உயரத்தைத் தின்றுவிடும், விட்டுவிடுங்கள்.

தகட்டைப் பற்றிப் பேசும்போது கேஜ் பேசாதீர்கள், மில்லிமீட்டர் பேசுங்கள். "இருபது கேஜுண்ணே" என்பார். கையில் இருப்பது 22 ஆக இருக்கும் (கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும்), கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்க்ரூ கேஜ் ஒன்று கொண்டுபோய், வெட்டிய ஓரத்தில், பெயிண்ட் அடிக்காத இடத்தில் அளங்கள். மடிப்பின்மேல் வைத்தால் இரண்டு தகடும் சேர்ந்து தப்பான கணக்கு வரும்.

துத்தநாகப் பூச்சு உள்ள ஜி.ஐ. தகடு வாங்குங்கள். பூச்சின் எடையையும் கேளுங்கள்: சதுர மீட்டருக்கு 120 கிராம், 275 கிராம் என்று வரும்; இரண்டு முகத்தையும் சேர்த்த கணக்கு அது. மழைச்சாரல் படும் சுவருக்கு 275 நல்லது. துத்தநாகம் தன்னை அரிக்க விட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. (1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் ஊர் நம்முடையது. துருவைப் பற்றி ஆராய்கிற ஊரில் ஷட்டர் துருப்பிடிப்பது கொஞ்சம் வெட்கம்தான்.) வெல்டிங் வைத்த இடங்களில் இந்தப் பூச்சு கருகிப் போயிருக்கும், அங்கே துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். பலர் அலுமினியப் பெயிண்டை வெள்ளியாக அடித்து அதுதான் இது என்று காட்டுவார்கள். டப்பாவை வாங்கிப் படியுங்கள்.

படி 5: கையா, செயினா, மோட்டாரா

12 சதுர மீட்டர் தாண்டினால் செயின் கியர், அதாவது செயினை இழுத்து ஏற்றி இறக்குவது. மோட்டார் கட்டாயமில்லை, ஒரே ஆள் கூடத்தைத் திறந்து பூட்டுவதாக இருந்தால் வசதி. மோட்டார் போட்டால் மூன்று விஷயம் இருந்தே ஆக வேண்டும்: கரண்ட் போனால் இறக்க ஏற்றக் கைச் செயின், மேலும் கீழும் சரியான இடத்தில் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச், குறுக்கே யாராவது வந்தால் நிறுத்தும் சென்சார். சென்சார் வேண்டாம் என்றால், அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் இறங்குகிற சுவிட்ச் போடுங்கள், அதையும் ஷட்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். ரிமோட்டை அலுவலக மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள், அங்கே விளையாடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் விடாமல் ஓடுவதற்கானதல்ல. பையன்கள் விளையாட்டாக நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் சூடாகி நின்றுவிடும். பழுதென்று பதறாமல் ஆற விடுங்கள்.

படி 6: பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

சேனலைச் சுவருக்குள் பதித்து வைக்கச் சொல்லுங்கள். துருத்திக்கொண்டு நின்றால் ஓடி வருபவர் தோளில் இடிக்கும். பதிக்க முடியாத இடத்தில் இரண்டங்குல ஃபோம் ரெக்சின் சுற்றி, தரையிலிருந்து ஆறடி வரை கட்டுங்கள். உள்பக்கக் கொக்கி, பூட்டுக் காது எல்லாவற்றையும் இதேபோல் பாருங்கள்.

தரையில் ஷட்டர் உட்காரும் கோட்டில் கிரானைட் பட்டை ஒன்று பதியுங்கள். வரவேற்பறைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போட்டவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. கையால் செய்த அந்தக் கல் மேல் இரும்புப் பட்டை தினமும் வந்து இடித்தால் ஓரம் உடைந்து போகும். கோட்டுக்கு வெளியே தளம் அரை அங்குலம் தாழ்வாக இருக்கட்டும், தண்ணீர் வடிய. கீழ்ப்பட்டையில் ரப்பர் சீல் வையுங்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான கூடம் என்றால் பூரான், பாம்புக்கும் சேர்த்து.

பட்டைகளின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒன்று விட்டு ஒரு பட்டையின் இரு முனையிலும் கிளிப் வைத்து ரிவிட் அடித்திருக்க வேண்டும். கிளிப் இல்லாவிட்டால் பட்டைகள் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து சேனலை உரசும். "கரகர" என்று சத்தம் வந்து, ஸ்பிரிங் (ஷட்டர் சுருளும் குழாயில் அதன் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி) போச்சு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பாக்கிப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. கையால் தூக்கும் ஷட்டரைப் பாதிவரை தூக்கி மெதுவாகக் கையை விடுங்கள், காலை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டு. அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. தடாலென இறங்கினால் முறுக்கு போதவில்லை; தானாக மேலே பறந்தால் முறுக்கு அதிகம். அவர்களையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

படி 7: பராமரிப்பு

இந்தப் பக்கத்தில் ஷட்டரைக் கெடுப்பது மழையைவிடச் செம்மண்தான். இறுகினால் உடனே கிரீஸை அள்ளி சேனலில் பூசுவது வழக்கம். கிரீஸில் புழுதி ஒட்டிப் பசையாகி, ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாக இறுகும். சேனலுக்குக் கிரீஸ் கூடாது.

வாரம் ஒருமுறை பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சேனலை மேலிருந்து கீழே தட்டி எடுங்கள். அடியில் செம்மண் பொடியோடு ஷட்டில் இறகுத் துண்டுகளும் சேர்ந்திருக்கும். சூயிங்கம் தாள்கூட வரும். பிறகு உலர்ந்த துணி. மாதம் ஒருமுறை சிலிகான் ஸ்ப்ரே, அல்லது மெழுகுவர்த்தியைச் சேனலின் உட்புறம் தேய்த்தாலே ஓட்டம் இலகுவாகும். கிரீஸ் போக வேண்டிய இடம் பேரிங்கும் கியரும் செயினும் மட்டும்.

தரை கழுவும் தண்ணீர் கீழ்ப்பட்டையில் தேங்கும். துரு அங்கேதான் முதலில் தொடங்கும். கழுவியதும் ஷட்டரை ஒரு சாண் தூக்கி விட்டு உலர விடுங்கள்.

மோட்டார் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, கைச் செயினில் முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். சென்சார் முன்னால் ஒரு பேட்டை நீட்டினால் இறங்கும் ஷட்டர் நிற்க வேண்டும். கண்ணாடியில் புழுதி படிந்தால் நிற்காது, துடையுங்கள்.

புரட்டாசியில், மழைக்கு முன், ஒரு நாள் ஒதுக்குங்கள். பிராக்கெட் போல்ட்டுகளை இறுக்கி, மேல் மூடியின் உள்ளே குருவிக்கூடு இருக்கிறதா பார்த்து, துரு தெரிந்த இடத்தை உப்புக்காகிதத்தால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு பெயிண்ட். வெயில் படும் பக்கத்துக்கு வெளிர் நிறமே அடியுங்கள், கூடத்தின் சூடு கொஞ்சம் தணியும்.

ஸ்பிரிங்கை மட்டும் நீங்களாகத் தொட வேண்டாம். முறுக்கேறிய ஸ்பிரிங்கின் பிராக்கெட்டைக் கழற்றினால், குழாய் சுழன்று கையை முறித்துவிடும். ஷட்டர் பாரமாகிவிட்டது, ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறது, மேலே "டங்" என்று ஒரு சத்தம் கேட்டு அதோடு தூக்க முடியவில்லை: இந்த மூன்றில் எது வந்தாலும், அடியில் முட்டுக் கொடுத்து, யாரும் கீழே போகாமல் கயிறு கட்டிவிட்டு, ஷட்டர் மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள். அன்றைய ஆட்டக்காரர்கள் படி 2-இல் வைத்த கதவு வழியாக வரட்டும்.