சரிவில் கிராலர் உருளாமல் நிற்க

ரிமோட் ராக் கிராலரின் (பாறைகளில் மெதுவாக ஏறும் ரிமோட் வண்டியின்) இஎஸ்சி-யில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில், டிராக் பிரேக்கை (விசையை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்கை) 100 சதவீதம் வையுங்கள். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை மாதிரி சரிவான கருங்கல்லில்கூட, விசையிலிருந்து விரலை எடுத்ததும் வண்டி பிடித்து நிற்கும். விரலை எடுத்தவுடன் இஎஸ்சி மோட்டாரின் இரண்டு முனைகளையும் உள்ளுக்குள் இணைத்துவிடும். சக்கரம் உருளப் பார்த்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி எதிர்த்து இழுக்கும். அப்படியும் நழுவுகிறதா? ரிமோட்டில் திராட்டில் டிரிம் (விசையின் நடுநிலையைச் சரிசெய்யும் அமைப்பு) ஒரு கிளிக் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் கோளாறு அதுதான், நான் வீணாக பேட்டரியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சமதளத்தில் வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. விரலை எடுத்ததும் வண்டி வெடுக்கென்று நின்று கவிழலாம், பல்சக்கரத்துக்கும் அடி. சுவிட்சை அணைத்தால் பிரேக் பிடி போய்விடும், சரிவில் வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே அணையுங்கள்.