ஸ்பீக்கரை மாற்ற முதல் அறையைக் கேளுங்கள்

காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும் நாள்களில் எங்கள் முன்னறையில் பாட்டு நன்றாக இருக்கும். நெல்லை விற்று அறை வெறிச்சோடியதும் அதே பாட்டு கலங்கிப்போகும். பல வருடம் ஸ்பீக்கரையே குறை சொன்னேன். கடைசியில் காசு சேர்த்துப் புதிது வாங்கினேன். கலங்கல் அப்படியே இருந்தது. அறையைப் பாராமல் பெட்டியை மாற்றுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு.

போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் கட்டியவை. நிலமும் சீமெந்து, இல்லாவிட்டால் மாபிள். இவை ஒலியைக் குடிப்பதே இல்லை, திருப்பி அடிக்கின்றன. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் "டர்ர்" என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது முட்டை மட்டை. சுவர் முழுக்க ஒட்டினால் ஸ்டூடியோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. அது மெல்லிய காகிதக்கூழ். மேல் சுருதிகளைக் கொஞ்சம் மழுப்பும். தவிலின் அடியையோ பாஸ் கிட்டாரையோ தொடவே தொடாது. சட்டென்று தீயும் பிடிக்கும், பூச்சியும் வரும். ஓர் அங்குல ஃபோமும், சுவரில் மாட்டிய ஓலைப்பாயும் காதுக்குச் செய்வது ஏறத்தாழ இதுதான்: கூர்மை போய்விடும், கீழ்ச் சுருதிகளின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். 100 ஹெர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு நூறு தடவை அதிரும் கீழ்ச் சுருதி ஒலியின் ஓர் அலை மூன்று மீற்றருக்கு மேல் நீளம். அதை ஓர் அங்குலத்தால் எப்படிப் பிடிப்பது?

தடிப்புத்தான் வேலை செய்யும். நம்மூரில் அதற்குத் தேங்காய்த் தும்பு இருக்கிறது. பழைய தும்பு மெத்தையை நான்கு அங்குல ஆழமுள்ள மரச்சட்டத்துக்குள் வைத்து, பருத்திச் சீலையால் மூடி, சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பின்னால் விடும் அந்த வெற்றிடம் காசில்லாமல் கிடைக்கிற கூடுதல் தடிப்பு. மூடுகிற துணியை வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போனால் ஒலியும் போகும். ரெக்சினோ பொலித்தீனோ போட்டால் மேல் சுருதிகள் திரும்பி வந்துவிடும். சட்டத்தை நிலத்தில் ஊன்றவும் வேண்டாம், கறையான் தேடி வரும்.

எங்கே மாட்டுவது? நீங்கள் கதிரையில் இருங்கள். இன்னொருவர் பக்கச் சுவரோடு ஒரு முகக்கண்ணாடியை நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போதும். கண்ட இடமெல்லாம் மாட்டினால் அறை செத்துப்போகும், வயலின் கூடப் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

ஹார்வர்டில் 1895இல் வாலஸ் சபைன் என்ற பேராசிரியர் பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யப் புறப்பட்டார். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று இரவிரவாக அளந்தார். எங்கள் நெல் மூட்டைகளும் அதே வேலையைத்தான் செய்தன. ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த யன்னல். வெளியே போன ஒலி திரும்பாது. நம் வெக்கைக்கு இது நல்ல செய்தி. யன்னலை ஃபோம் வைத்து அடைத்துப் புழுங்க வேண்டாம், அயலவரைக் குழப்பாத சத்தத்தில் திறந்துவைத்தே கேளுங்கள்.

இனி, கதிரை. பத்தடிக்குப் பத்தடிச் சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே சுருதியில், ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில், சேர்ந்து முழங்கும். பாஸ் கிட்டாரில் அந்த ஒரு சுரம் மட்டும் பூதம்போல எழும். நட்டநடுவில் இருந்தால் அதே சுரம் காணாமல் போகும், பின்சுவரோடு சாய்ந்தால் வீங்கும். நடுவை விட்டு ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து பாருங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணிப்பதும் வீக்கத்தைக் கூட்டும். வெளியே இழுத்து, மேல் சுருதி வரும் சிறு கூம்பு காது மட்டத்தில் நிற்கும்படி வையுங்கள்.

மழைக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் தகரத்தில் விழும் மழையைத் தும்புச் சட்டம் தடுக்காது. அதற்குத் தகரத்துக்குக் கீழே இடைவெளி விட்டு, பாரமான பலகையில் சீலிங் அடிக்க வேண்டும். கூரை அஸ்பெஸ்டோஸ் என்றால் அதைத் துளைக்கவோ வெட்டவோ வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆபத்து. சீலிங்கின் சட்டத்தைக் கூரையில் தொங்கவிடாமல் சுவரிலிருந்து கட்டும்படி மேசனிடம் சொல்லுங்கள்.