ஊட்டி, குன்னூரில் வாடகை வீடா? வியூவை விடுங்கள், வெயிலைப் பாருங்கள்

மலையில் வாடகையோடு செலவு நிற்காது. ஓதமும் கரண்ட் பில்லும் மீதியைக் கறந்துவிடும். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பாதி தடுத்துவிடலாம்.

ஏப்ரல், மே சீசனில் வீடு பார்க்கப் போகாதீர்கள். அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். ஊட்டிக்கு ஜூலையில் போங்கள், அங்கே தென்மேற்குப் பருவமழை. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை, நவம்பரே சரி.

பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து உப்புப் பூத்திருந்தால், தரையிலிருந்தோ பின்னால் வெட்டிய மண்மேட்டிலிருந்தோ ஈரம் ஏறுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த மழைக்கு உரியும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடமும் வடிகாலும் வேண்டும். தடுப்புச்சுவரில் நீர் வடிய விட்ட குழாய்கள் அடைத்துக்கொண்டால் மழைநீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளும். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். 2009 நவம்பர் மண்சரிவுகளை மலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

காலை வெயில் விழும் கிழக்கு, தெற்குப் பார்த்த சரிவு என்றால் வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பள்ளத்தின் அடிவாரம் வேண்டாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று இறங்கித் தங்கி உறைபனி விழுவது அங்கேதான்.

இனி கரண்ட். 2 கிலோவாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். இலவச 100 யூனிட் அதிலேயே போச்சு. 1,500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் என்றால் இன்னொரு 360. இரண்டும் சேர்ந்து 480. லைட், ஃபிரிட்ஜ் கூட்டினால் 500 தாண்டும். தாண்டினால் கட்டண விகிதமே மாறி பில் எகிறும். ஹீட்டரைக் குறைத்து, கனமான கம்பளி வாங்குவதே லாபம்.

2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்று எண்ணுங்கள். சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் தூக்குக்கூலி உண்டு. குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஓனரிடம் அல்ல.

கோவையில் தினசரி வேலை என்றால் மேட்டுப்பாளையத்திலேயே இருந்துவிடலாம். வெக்கைதான், ஆனால் சீசன் டிராஃபிக்கில் கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.